தட்டி எழுப்பக் கூடாத சிப்

ஜூன் 4

அக்கா,

போனில் ஆரம்பித்தால் நலம் விசாரித்து முடிப்பதற்குள் சண்டை வந்துவிடுகிறது. போன தடவை நீ வைத்தாய், அதற்கு முந்தின தடவை நான் வைத்தேன். மெயிலில் அந்த வசதி கிடையாது. பாதியில் மூடினாலும் மீதி அங்கேயேதான் இருக்கும். அதனால் எழுதுகிறேன்.

அப்பா நன்றாக இருக்கிறார் என்று எழுத ஆசைதான். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு, மூச்சு மெஷினைப் போட்டு, மாஸ்க்கை மாட்டிக்கொண்டு படுத்தார். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். குழாயை மூடியபோதுதான் வீடு அமைதியாக இருப்பது உறைத்தது. அந்த மெஷினின் சத்தம் இல்லாவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. ஈரக் கையோடு ஓடினேன். மெஷின் நின்றுபோயிருந்தது. அப்பா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, மாஸ்க்கை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, விசிலை வாயில் வைத்து ஊதிக்கொண்டிருந்தார். சத்தமே வரவில்லை. ஒரு மைதானத்தையே அப்படியே நிற்க வைத்த பி.டி. மாஸ்டர், அக்கா. விசிலுக்குள் இருக்கும் அந்தச் சின்ன உருண்டையைக்கூட அசைக்க அவரிடம் மூச்சு இல்லை.

"எவ்வளவு நேரமாப்பா ஊதறீங்க?" என்று கேட்டேன்.

"நீ வர்ற வரைக்கும்" என்றார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்த மெஷின் எங்கள் கம்பெனி செய்தது என்பது உனக்குத் தெரியும். அதில் காற்றழுத்தத்தை அளக்கிற சிப் உங்கள் கம்பெனியுடையது. "எங்க அக்கா வேலை பார்க்கிற கம்பெனி, கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்" என்று மீட்டிங்கில் வாதாடி அதை வாங்க வைத்ததே நான்தான். மெஷினின் மென்பொருளுக்கு அடித்தளமான கெர்னலுக்குள் உட்கார்ந்து அந்தச் சிப்போடு பேசுகிற டிரைவரை எழுதியதும் நான்தான். ஆகவே அந்தப் பெட்டிக்குள் நீயும் நானும் போனில் பேசுவதைவிட அதிகமாகவே பேசிக்கொண்டிருக்கிறோம்.

போன மாதம் அப்பா மெஷின் மேல் தண்ணீர் டம்ளரைக் கவிழ்த்துவிட்டார். உள்ளே போர்டு போய்விட்டது. புதுப் போர்டு நானே கொண்டுவந்து மாற்றினேன். அதிலிருந்துதான் இந்தத் தொல்லை. அப்பா தண்ணீர் குடிக்கவோ பாத்ரூமுக்கோ எழுந்து போனால் மெஷின் கொஞ்சம் கண்ணயரும். திரும்ப வந்து மாஸ்க்கை மாட்டினால் விழித்துக்கொள்ளும். விழிக்கிறபோது சில சமயம் உங்கள் சிப் அழுத்தம் பூஜ்யம் என்கிறது. பூஜ்யம் என்றால் மாஸ்க்கைக் கழற்றிவிட்டார்கள் என்று அர்த்தம். அதனால் மெஷின் அலாரம்கூட அடிக்காமல், ரொம்ப மரியாதையாக, நின்றுவிடுகிறது. வேறு சில வீடுகளிலிருந்தும் இதே புகார் வருகிறது.

சிப்பின் ரிவிஷன் எண்ணைப் படித்துப் பார்த்தேன். 2 என்கிறது. பழைய போர்டும் 2 என்றுதான் சொன்னது. நேராகவே கேட்கிறேன், அதில் எதையாவது மாற்றினீர்களா?

வீட்டில் கம்பெனியின் பழைய மாடல் மெஷின் ஒன்று மாற்றாக இருக்கிறது. அப்பா அதைத் தொட மாட்டேன் என்கிறார். "இது என் பொண்ணு செஞ்சது, என் புள்ள செஞ்சது, என்னை ஒண்ணும் பண்ணாது" என்கிறார். நீ சொன்னால் கேட்பாரோ என்னவோ.

உன் தம்பி

ஜூன் 6

டேய்,

சிப்பில் எதுவும் மாறவில்லை. மாறியிருந்தால் எண் மாறியிருக்கும். ஒரு கம்பி இடம் மாறினாலும் ரிவிஷன் எண் ஒன்று கூட வேண்டும் என்ற விதியை இந்தக் கம்பெனியில் எழுதியதே நான்தான். அந்த எண் சிப்புக்குள்ளேயே பதிந்திருக்கிறது. ஸ்டிக்கர் இல்லை, உரித்து ஒட்டுவதற்கு. அது 2 என்று சொன்னால் 2.

உன் புரோகிராமைப் பார். ரிவிஷன் 2-இல் ஒரு குறை இருந்தது, உண்மைதான். தூங்கி எழுந்ததும் முதல் அளவைத் தப்பாகச் சொல்லும். அதனால் எழுந்த உடனே ரீசெட் கொடுத்து ஒரு தட்டுத் தட்ட வேண்டும் என்று குறைகள் பட்டியலில் போட்டிருந்தோம். நீ தட்டுகிறாயா? தட்டியபின் காத்திருக்கிறாயா, இல்லை உன் வழக்கப்படி அவசரமா? சின்ன வயதில் பல் தேய்ப்பதிலேயே நீ அவசரக்குடுக்கை.

அப்பாவைப் பழைய மெஷினுக்கு மாற்று. நான் சொன்னதாகச் சொல்லு. நான் சொன்னால் கேட்பார் என்று நீ நினைப்பதே வேடிக்கை. அவர் சொன்னதை நான் கேட்கவில்லை, அதற்கப்புறம் நான் சொன்னதை அவர் எப்போது கேட்டார்?

விசிலைப் பற்றி எழுதி என்னை அழவைக்கப் பார்க்காதே. அந்த விசில் எனக்கும் தெரியும். ஒரு சின்ன விசில் என்றால் ஓடு. இரண்டு சின்ன விசில் என்றால் தப்பாட்டம். ஒரு நீள விசில் என்றால் ஆட்டம் முடிந்தது, எல்லாரும் உள்ளே வாங்க. ஓட்டப் பந்தயத்தை விட்டுவிட்டு இந்த வேலைக்கு நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிய அன்று அவர் வழியனுப்ப வாசலுக்கு வரவில்லை. ஜன்னலில் நின்று இரண்டு ஊதினார். தெரு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நீ மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய், ஒரு வார்த்தை பேசவில்லை. "நீ ஏன் வர்றதே இல்ல" என்று போனில் கேட்கிறாயே, தப்பாட்டம் ஆடியவளை எந்த மாஸ்டர் மைதானத்துக்குள் விடுவார்?

சத்தமே வரவில்லை என்று எழுதியிருக்கிறாயே, அதை மட்டும் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். காலையிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை. தட்டிய பிறகு எவ்வளவு நேரம் காத்திருக்கிறாய் என்பதை எழுது.

அக்கா

ஜூன் 9

அக்கா,

காத்திருக்கிறேன். உங்கள் கையேடு சொன்னதைப் போல இரண்டு மடங்கு காத்திருக்கிறேன். பல்லும் ஒழுங்காகத்தான் தேய்க்கிறேன்.

என் டிரைவர் செய்வது ரொம்பச் சின்ன வேலை. மெஷினை ஆன் செய்ததும் சிப்பிடம் போய் "நீ எத்தனையாவது ரிவிஷன்?" என்று கேட்கும். 2 என்றால், ஒவ்வொரு தடவை விழிக்கும்போதும் ஒரு தட்டு. அவ்வளவுதான். நேற்று ஒரு வேலை செய்தேன். ஒரு வீட்டிலிருந்து திரும்பி வந்த இதே மாடல் மெஷினின் பழைய போர்டையும், புதுப் போர்டு ஒன்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நாள் முழுக்கத் தூங்க வைத்து எழுப்பிக்கொண்டே இருந்தேன். பழையது ஒரு தடவைகூடச் சறுக்கவில்லை. புதியது தட்டு வாங்கிய அடுத்த கணம் சில சமயம் மயங்கிவிழுந்துவிடுகிறது. கூப்பிட்டால் பதில் இல்லை, பூஜ்யம்.

சரி, தட்டுவதையே எடுத்துவிடலாம் என்று எடுத்துப் பார்த்தேன். புதியது ஜம்மென்று ஓடியது. பழையது அழுத்தத்தைக் கண்டபடி சொல்ல ஆரம்பித்துவிட்டது. ஆக, தட்டினால் புதியது மயங்குகிறது, தட்டாவிட்டால் பழையது உளறுகிறது. இரண்டையும் பெயர் கேட்டால் இரண்டும் முகம் மாறாமல் 2 என்கின்றன. வெளியே அச்சும் ஒன்றேதான். இரண்டும் ஒரே ஆள் என்று நீ இப்போதும் சொல்வாயானால், உன் விதியை எழுதிய பேனாவை ஒரு தடவை பார்த்துக்கொள்.

இங்கே என் நிலைமை சொல்லும்படி இல்லை. விசாரணைக் குழு ஒன்று போட்டிருக்கிறார்கள். சிப்பின் எண் மாறவில்லை, ஆகவே சிப் மாறவில்லை, ஆகவே தப்பு டிரைவரில்தான் என்று அவர்களுக்கு ஒரே வரியில் வேலை முடிந்துவிட்டது. உன் கடிதத்தின் முதல் வரியும் அவர்கள் அறிக்கையின் முதல் வரியும் ஒன்றுதான், அக்கா.

அப்பாவின் மெஷினில் மட்டும் நானே ஏதாவது மாற்றி ஓட்டிவிடலாமே என்று நினைப்பாய். முடியாது. கம்பெனியின் முத்திரை வைத்த மென்பொருளைத் தவிர வேறு எதையும் அந்த மெஷின் உள்ளே விடாது. நோயாளியின் பாதுகாப்புக்காக நாங்களே போட்ட பூட்டு. மேசையில் இருக்கிற பழைய போர்டு விசாரணைக் குழுவின் சாட்சி, வெளியே எடுக்க விடமாட்டார்கள்; பழைய சிப் வைத்த வேறு உபரிப் போர்டு ஒன்றுகூட மிச்சம் இல்லை.

பழைய மெஷின் பற்றி நீ சொன்னதைச் சொன்னேன். சிரித்தார். "அவ இவ்வளவு தூரம் எழுதினாளா?" என்று மட்டும் கேட்டார்.

தம்பி

ஜூன் 12

தம்பி,

உன் பரிசோதனையைப் படித்துவிட்டு உன் மேல்தான் முதலில் கோபம் வந்தது. ஏதோ ஒன்றைத் தப்பாகச் செய்திருப்பாய் என்று இரண்டு நாள் நானே இங்கே அதே மாதிரி வைத்துப் பார்த்தேன். நீ எழுதியது அப்படியே நடந்தது. என் மேசையில், என் கண்ணெதிரே.

போன வருடம் என்னை வேறு சிப்பின் சோதனைக்கு மாற்றிவிட்டார்கள். அதனால் நேற்று கேன்டீனில் வரிசையில் நிற்கும்போது, அந்தப் பழைய டீமில் இருக்கும் ஒருவரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். தூங்கி எழுந்ததும் முதல் அளவு தப்பாக வருமே, அந்தக் குறை இன்னும் இருக்கிறதா என்று. அவர் தட்டில் குழம்பை ஊற்றிக்கொண்டே, "அதுவா? அதைச் சரி பண்ணி ரொம்ப நாளாச்சே" என்றார்.

சரி செய்திருக்கிறார்கள். சிப் இப்போது தானாகவே தன்னைத் தட்டி எழுப்பிக்கொள்கிறதாம். அது தன்னைத் தட்டிக்கொள்கிற அதே நேரத்தில் உன் டிரைவரும் தட்டினால், இரண்டு அடியில் திணறிப் போகிறது. எண்ணை மட்டும் மாற்றவில்லை. மாற்றினால் வாங்குகிற கம்பெனிகள் எல்லாம் முதலிலிருந்து சோதிக்க வேண்டுமாம், ஆர்டர் தள்ளிப்போகுமாம். இதற்கு 'ரிவிஷன்' என்று பெயர் வைக்காமல் 'உற்பத்திச் சீரமைப்பு' என்று வைத்துவிட்டார்கள். என் விதியில் சீரமைப்பைப் பற்றி ஒன்றும் இல்லை.

மேலாளரிடம் போய் நின்றேன். இந்த மனிதர் குரலை உயர்த்தி நான் பார்த்ததே இல்லை, நாங்கள் சாந்தசொரூபி என்றுதான் சொல்லுவோம். அப்பாவின் மெஷினைப் பற்றிச் சொன்னேன். உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, வருத்தப்பட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். அப்புறம், நான் கையெழுத்துப் போட்ட ரகசிய ஒப்பந்தத்தை மெதுவாக ஞாபகப்படுத்தினார். "இது உங்க குடும்ப விஷயம் இல்லம்மா, கம்பெனி விஷயம்" என்றார். அடுத்த வருடம் அடுத்த சிப்பில் எண் சரியாக வருமாம்.

இந்த மெயிலையே நான் எழுதக் கூடாது. எழுதிவிட்டேன். புது சிப்பை எப்படிக் கண்டுபிடிப்பது என்று எனக்கு ஒரு யோசனை இருக்கிறது, ஆனால் உறுதியாகத் தெரியாமல் அப்பாவின் மூச்சில் விளையாட மாட்டேன். கொஞ்சம் பொறு.

அக்கா

ஜூன் 13

பொறு என்கிறாய். பொறுக்கிறவர் யார் தெரியுமா?

அப்பா இப்போது தூங்குவதே இல்லை, தூங்குகிற மாதிரி நடிக்கிறார். நான் எட்டிப் பார்த்தால் கண்ணை மூடிக்கொள்வார். ஆனால் ஒரு கையை நீட்டி மெஷினின் பக்கவாட்டில் வைத்திருப்பார். அது அதிர்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறார். நேற்று நான் விசாரணைக் குழுவில் உட்கார்ந்து, மூன்று பேர் முன்னால் என் புரோகிராமை வரி வரியாக வாசித்துக்கொண்டிருந்தபோது இங்கே மறுபடி நின்றிருக்கிறது. கீழ் வீட்டுக்காரர் தற்செயலாகத் தண்ணீர் மோட்டார் பற்றிச் சண்டை போட மேலே வந்தவர், பயந்துபோய் அப்பாவை ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார வைத்து, நான் வரும்வரை முதுகைத் தடவிக்கொண்டே இருந்திருக்கிறார். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த மனிதரின் சண்டைக் குணத்துக்கு நன்றி சொன்னேன்.

பழைய மெஷினைக் காலில் விழாத குறையாகக் கெஞ்சிப் பார்த்துவிட்டேன். முடியாது என்றால் முடியாது.

உன் சாந்தசொரூபிக்கு ஒரு அப்பா இருக்கிறாரா என்று கேட்டுச் சொல்லு.

ஜூன் 15

தம்பி,

கவனமாகப் படி.

அந்தச் சிப்பிடம் பெயரைக் கேட்காதே. கேட்டால் அதே பொய்யைத்தான் சொல்லும். பாவம், அதற்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். செய்துகாட்டச் சொல்லு.

சிப்பின் செட்டிங்ஸ் ரெஜிஸ்டரில் 0 அல்லது 1 மட்டும் கொள்கிற கடைசி பிட் இருக்கிறதே, எங்கள் கையேட்டில் 'ஒதுக்கப்பட்டது, தொடாதே' என்று போட்டிருக்குமே, அதைத் தொடு. அங்கே ஒரு 1 எழுதிவிட்டு, உடனே திரும்பப் படி. பழைய சிப்பில் அந்த இடத்தில் ஒன்றுமே கிடையாது, வெறும் சுவர். எழுதியது தங்காது, 0 என்றுதான் திரும்பி வரும். புதிய சிப்பில், தன்னைத்தானே எழுப்பிக்கொள்கிற அந்த வேலையை நிறுத்துகிற சுவிட்சை அங்கேதான் வைத்திருக்கிறார்கள். நீ எழுதிய 1 அப்படியே நிற்கும். நின்றால் அது புதியது, தட்டாதே. நிற்காவிட்டால் பழையது, வழக்கம்போல் தட்டு. பார்த்து முடித்ததும் பழையபடி 0 வைத்துவிட மறக்காதே. மறந்தால் வேறு வம்பு.

இது யூகம் இல்லை. வரைபடத்தில் பார்த்துவிட்டு, என் கையால் இங்கே ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். மயங்கவே இல்லை.

யார் சொன்னது என்று எங்கேயும் எழுதாதே. நான் பயந்தவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். ஆனால் இந்த வேலைக்காக நான் கொடுத்த விலையும் உனக்குத் தெரியும். ஓட்டத்தை விட்டேன், வீட்டை விட்டேன், அவர் முகத்தைப் பார்ப்பதை விட்டேன். இதுவும் போய்விட்டால் அந்த இரண்டு விசில் சரி என்று ஆகிவிடும். அதை மட்டும் என்னால் தாங்க முடியாது.

கீழ் வீட்டுக்காரருக்கு என் சார்பில் ஒரு நன்றி சொல்லு. மோட்டாரையும் சரி செய்துகொடு.

அக்கா

ஜூன் 18

அக்கா,

நிற்கிறது! கையில் கிடைத்த எல்லாப் போர்டிலும் பார்த்துவிட்டேன். புதியதில் 1 அப்படியே நிற்கிறது, பழையதில் காணாமல் போகிறது. அதற்கேற்ப டிரைவரைத் திருத்தி ஓட்டினேன். மயக்கமும் இல்லை, உளறலும் இல்லை. வெகுநாளைக்குப் பிறகு நிம்மதியாக ஒரு டீ குடித்தேன்.

அந்த டீ செரிப்பதற்குள் அடுத்த முட்டுக்கட்டை. என் பேச்சை எங்கள் விசாரணைக் குழு நம்பவில்லை. மாட்டிக்கொண்டவன் சொல்கிற சாக்கு என்கிறார்கள். கடைசியில் ஒன்றுக்கு ஒத்துக்கொண்டார்கள். இந்த டிரைவர் எங்கள் கம்பெனிக்கு மட்டும் சொந்தமில்லை, யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்கிற கெர்னலோடு உலகத்துக்கே போவது. அங்கே அந்தப் பகுதியைப் பார்த்துக்கொள்கிறவர் என் திருத்தத்தை ஏற்றுக்கொண்டால், அன்றைக்கே முத்திரை வைத்து எல்லா வீட்டு மெஷின்களுக்கும் அனுப்பிவிடுவார்களாம்.

அவரை நாங்கள் வாசல்காரர் என்போம். அவர் திறந்தால்தான் உள்ளே போக முடியும். எல்லாரும் படிக்கிற பொது மடல் குழுவில் திருத்தத்தை அனுப்பினேன். பதில் வந்தது. யோசனை அழகாக இருக்கிறது என்றார். அப்புறம் கேட்டார்: ஒதுக்கப்பட்ட பிட்டில் எழுதியது நிற்கும் என்று யார் சொன்னது? நானே சோதித்துக் கண்டுபிடித்தேன் என்றேன். நாலு போர்டில் நின்றது நாலாயிரம் போர்டில் நிற்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம், இது மனிதர்கள் மூச்சு விடுகிற மெஷின், சிப் செய்தவர்கள் வாயால் ஒரு வரி வராமல் ஏற்க மாட்டேன் என்று எழுதிவிட்டார். எரிச்சலாக இருந்தது. ஆனால் அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

உங்கள் கம்பெனிக்கு முறைப்படி எழுதிக் கேட்டோம். ரிவிஷன் 2 ஒன்றுதான் இருக்கிறது என்று ரொம்பச் சாந்தமாகப் பதில் வந்திருக்கிறது.

நான் உன்னைக் கேட்கவில்லை. கேட்கவில்லை என்று எழுதுவதே கேட்பதுதானே என்பாய். இல்லை. நிஜமாகவே கேட்கவில்லை. வேறு வழி பார்க்கிறேன்.

இதையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும். இன்று காலையில் பொறுமை இழந்து அப்பாவிடம் கத்திவிட்டேன். "அந்தப் பழைய மெஷின்ல என்னதான் குறை உங்களுக்கு? எங்களைக் கொல்லணும்னே பண்றீங்களா?" என்று. அவர் விசிலைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்து முடித்துவிட்டுச் சொன்னார்.

"அதுல குறை ஒண்ணும் இல்லடா. அதை மாட்டிக்கிட்டா எல்லாம் சரியாயிடும். அப்புறம் நீங்க ரெண்டு பேரும் எதுக்குப் பேசுவீங்க?"

இதற்கு நீயே ஒரு பதில் எழுது.

தம்பி

ஜூன் 20

அக்கா,

ஏன் செய்தாய்?

காலையில் மடல் குழுவைத் திறந்தால் வாசல்காரரின் கேள்விக்குக் கீழே உன் பெயர். கம்பெனி முகவரியிலிருந்து. இந்தச் சிப்பைச் சோதித்த குழுவில் இருந்தவள் நான், இரண்டு விதமான சிப்புகள் ஒரே எண்ணைச் சொல்லிக்கொண்டு விற்பனையில் இருக்கின்றன, புதியதில் அந்த பிட் எப்போதும் நிற்கும், பழையதில் எப்போதும் நிற்காது, இதற்கு நான் பொறுப்பு. நாலே வரி. வணக்கம்கூட இல்லை. உலகம் முழுக்கப் படித்தாயிற்று, இனி யாரும் அழிக்க முடியாது.

சாயங்காலத்துக்குள் வாசல்காரர் ஏற்றுக்கொண்டுவிட்டார். தகவலுக்கு நன்றி என்று உன் பெயரையும் திருத்தத்தில் சேர்த்திருக்கிறார். எங்கள் ஆட்கள் ஓடி ஓடி முத்திரை வைக்கிறார்கள். இதுவரை என்னைக் குற்றவாளியாகப் பார்த்தவர்கள் எல்லாம் தோளில் தட்டுகிறார்கள். எனக்கு மட்டும் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. உனக்குப் போன் போட்டேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டேன், அணைத்து வைத்திருந்தாய்.

அங்கே என்ன நடந்தது? ஒரு வார்த்தை எழுது. திட்டியாவது எழுது.

தம்பி

ஜூன் 22

டேய்,

உயிரோடுதான் இருக்கிறேன். ஓயாமல் போன் போடாதே. ஆபீஸ் போனைப் பிடுங்கிக்கொண்டார்கள், அதனால்தான் எடுக்கவில்லை.

மேலாளர் அப்போதும் குரலை உயர்த்தவில்லை. அடையாள அட்டையைக் கேட்டார், கொடுத்தேன். மேசையைக் காலி செய்யும்போது காவலாளி ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது விதி. அந்த விதியை நான் எழுதவில்லை. அவர் பாவம், சங்கடப்பட்டு என் செடித்தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். வழக்குப் போடலாமா என்று யோசிக்கிறார்களாம். போடட்டும். கேன்டீனில் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த அந்த மனிதர் வாசல்வரை வந்து, கையைப் பிடித்துவிட்டுப் போனார்.

ஏன் செய்தாய் என்கிறாய். அப்பா சொன்னதாக நீ எழுதியதைப் படித்துவிட்டு எழுந்து நடந்தேன். அறைக்குள்ளேயே, சுவருக்கும் சுவருக்கும் நடுவில். வீட்டுக்காரம்மா கதவைத் தட்டி "உடம்பு சரியில்லையா?" என்று கேட்கிற அளவுக்கு நடந்தேன். தன் மூச்சைப் பணயம் வைத்து ஒரு மனுஷன் நம்மைப் பேச வைத்துக்கொண்டிருக்கிறார். நான் ஒரு அட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவ்வளவுதான். அப்புறம் யோசிக்கவே இல்லை. ஓட்டப் பந்தயத்தில் நின்று யோசித்தால் தோற்றுவிடுவாய் என்று அவர்தானே சொல்லிக்கொடுத்தார்.

இப்போது ஒரு வேலையும் இல்லை. பெட்டி கட்டி வைத்திருக்கிறேன். அவிழ்க்கிறேன், திரும்பக் கட்டுகிறேன். பக்கத்துத் தெருவில்தான் பஸ் நிறுத்தம். நேற்று அதுவரை போய்விட்டுத் திரும்பி வந்துவிட்டேன். எந்த முகத்தோடு வருவது? வேலையோடு வந்திருந்தால் நிமிர்ந்து வந்திருப்பேன். எல்லாவற்றையும் தொலைத்துவிட்டு வந்தால், நான் அன்றைக்கே ஊதினேனே என்றுதான் பார்ப்பார். வாயால் சொல்ல மாட்டார். அந்த ஜன்னல் சொல்லும்.

மெஷினில் திருத்தம் ஏறியதா? அதை மட்டும் எழுது.

அக்கா

ஜூன் 23

அக்கா,

ஏறிவிட்டது. நேற்றே ஏறிவிட்டது. உடனே எழுதவில்லை, ஒரு நாள் முழுக்கப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

அப்பாவை வேண்டுமென்றே எழுப்பி எழுப்பி, தண்ணீர் குடிங்க, கொஞ்சம் நடங்க என்று படாதபாடு படுத்தினேன். "என்னை என்ன ஓட்டப் பந்தயத்துக்கா தயார் பண்றே?" என்று திட்டினார். ஒவ்வொரு தடவையும் மாஸ்க்கை மாட்டியதும் மெஷின் விழித்து, சிப்பைத் தொட்டுப் பார்த்து, தட்டாமல் விட்டு, தன் பாட்டுக்கு ஓடியது. மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். நான் கதவோரம் நின்று பார்த்தேன். மெஷின் மேல் கை இல்லை. கையை மார்பில் மடக்கி வைத்துக்கொண்டு, வாய் பிளந்து, நிஜமாகவே தூங்கினார். அந்தக் குறட்டையை நான் இவ்வளவு ஆசையாகக் கேட்பேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

சாயங்காலம் எழுந்ததும் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். முழுசாக. ஜன்னல் வரைக்கும். நீ கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

கேட்டு முடித்ததும் மாஸ்க்கைக் கழற்றினார். "அந்த ஜன்னலைத் திற" என்றார். திறந்தேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்து போனார். கீழே தெருவில் பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். விசிலை எடுத்தார். வேண்டாம்பா என்று கையைப் பிடித்தேன். கையைத் தட்டிவிட்டார். கண்ணை மூடி, மூச்சை இழுத்து, அந்த ஒரு நாள் தூக்கம் கொடுத்த மூச்சு மொத்தத்தையும் சேர்த்து ஊதினார்.

ஒன்றுதான், அக்கா. நீளமாக.

தெருவே நின்றது. பந்தைக் கையில் பிடித்திருந்த ஒரு பொடியன் அண்ணாந்து பார்த்து, "ஆட்டம் முடிஞ்சுதா? எல்லாரும் உள்ள போகணுமா?" என்று கேட்டான். கீழ் வீட்டுக்காரர் என்னவோ ஏதோ என்று படியேறி ஓடிவந்துவிட்டார். அப்பாவுக்கு இருமல் வந்து முகமெல்லாம் சிவந்து, கீழ் வீட்டுக்காரரும் நானும் சேர்ந்து கட்டிலில் உட்கார வைத்தோம். மாஸ்க்கை மாட்டினேன். மெஷின் உடனே விழித்துக்கொண்டது.

மூச்சு ஒரு நிலைக்கு வந்ததும் மாஸ்க்கைக் கொஞ்சம் தூக்கிவிட்டுச் சொன்னார்:

"அவ்வளவு தூரம் கேட்டிருக்காது. நீ எழுதிடு."

எழுதிவிட்டேன்.

தம்பி